ஒற்றை விரலா, இரட்டை விரலா?

பீச் வாலிபால் ஆட்டத்தை டிவியில் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். நெட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விரல்களை நீட்டுவார். ஒரு கையில் ஒரு விரல், இன்னொரு கையில் இரண்டு விரல். சில சமயம் மூடிய முஷ்டி. பின்னால் பந்தோடு நிற்கும் ஜோடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு சர்வ் போடுவார். கேமராக்காரருக்கு அந்த விரல்கள் மேல் அப்படி ஒரு பிரியம், ஒவ்வொரு சர்வுக்கும் காட்டாமல் விடமாட்டார். அது என்ன மேட்டர் என்று பலர் யோசிப்பதே இல்லை. பந்து வந்ததும் துள்ளிக் குதித்துத் தடுக்க வேண்டியதுதானே, இதில் என்ன சைகை வேண்டிக் கிடக்கிறது?

அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பீச் வாலிபால் கோர்ட் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஒரு அணியின் பாதி 8-க்கு 8, அதாவது 64 சதுர மீட்டர். அதைக் காக்க இரண்டே பேர். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. இருவரில் ஒருவர் நெட் அருகே பிளாக்குக்குக் குதித்துவிட்டால், மீதி மைதானம் முழுவதையும் ஒரே ஆள் மணலில் ஓடிக் காக்க வேண்டும். மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை எடுத்து வைத்தால் அது பாதி தூரம் உள்ளே போய்விட்டுத்தான் மேலே வரும். ஆக, ஒருவர் எல்லா இடத்தையும் காப்பது நடக்காத காரியம். சிட்னி 2000 ஒலிம்பிக்ஸ் வரை கோர்ட் இதைவிடப் பெரிது, ஒரு பாதி 9-க்கு 9. அதாவது 81 சதுர மீட்டர். பிறகு சர்வதேச விதிகளில் சின்னதாக்கினார்கள். ஏதென்ஸ் 2004-ல் ஆடியது 8 மீட்டர் கோர்ட்டில். 17 சதுர மீட்டர் குறைந்ததும் பிளாக் செய்பவரின் மதிப்பு ஏறிவிட்டது. நெட் மேல் ஒரு நெட்டையர் கை நீட்டினால் அவர் மறைக்கும் பங்கு, மொத்த இடத்தில் முன்பைவிடப் பெரிது இல்லையா?

இப்போது விரல்களுக்கு வரலாம். ஒற்றை விரல் என்றால் "நான் லைனை மறைக்கிறேன்" என்று அர்த்தம். அதாவது ஓரக்கோட்டை ஒட்டி நேராக வரும் அடியை பிளாக் செய்பவர் பார்த்துக்கொள்வார், குறுக்கே வரும் அடியைப் பின்னால் இருப்பவர் எடுக்க வேண்டும். இரட்டை விரல் என்றால் தலைகீழ். குறுக்கை இவர் மறைப்பார், லைன் பின்னால் இருப்பவரின் பொறுப்பு. மூடிய முஷ்டி என்றால் பிளாக்கே கிடையாது, இருவரும் பின்வாங்கி நின்று எடுக்கப் போகிறார்கள். பெரும்பாலான ஜோடிகளின் அகராதி இதுதான். இடது கை எதிரணியில் இடது பக்கம் தெரிபவருக்கு, வலது கை வலது பக்கத்தவருக்கு. யார் அடிக்க வந்தால் என்ன செய்வது என்று சர்வுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

காமர்ஸ் மாணவர்கள் முதல் வருடமே படித்துவிடும் வாய்ப்புச் செலவு என்ற சமாச்சாரம் இதுதான். லைனை வாங்கினால் குறுக்கை விற்கிறீர்கள். எதுவும் இலவசமில்லை. விரலை நீட்டுவது கிட்டத்தட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி. பிளாக் செய்பவர் லைன் என்று சொல்லிவிட்டு, கடைசி நொடியில் சபலப்பட்டுக் குறுக்கே பாய்ந்தால் என்ன ஆகும்? பின்னால் இருப்பவர் அவரை நம்பிக் குறுக்கே ஓடியிருப்பார். லைன் பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காது. பந்து அங்கே விழும். ஸ்கோர் போர்டில் அது ஒரு பாயிண்ட்தான். ஆனால் அடுத்த முறை விரல் நீட்டும்போது பின்னால் இருப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், அதன் விலை அதிகம்.

இதனால்தான் பிளாக்கை வளர்த்துக்கொள்ள நினைக்கிற பலர் தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறார்கள். எப்படி இன்னும் உயரமாகக் குதிப்பது என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. எத்தனை பந்தைத் தடுத்துக் கீழே போட்டோம் என்பதுதான் அவர்கள் வைக்கும் கணக்கு. பிளாக் செய்பவர் பந்தைத் தொடாமலேயே தன் வேலையைக் கச்சிதமாக முடித்திருக்க முடியும். லைனை அவர் மூடியதால் அடிப்பவர் வேறு வழியில்லாமல் குறுக்கே அடித்து, அங்கே காத்திருந்தவர் சுலபமாக எடுத்தால் அது பிளாக்கின் வெற்றி. புள்ளிவிவரத் தாளில் அவர் பெயர் வராது, அவ்வளவுதான்.

இந்த வித்தையை உயரமான ஒரு மனிதர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்ற கதை சுவாரசியமானது. ஃபில் டால்ஹாசர், 1980-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். உயரம் 206 சென்டிமீட்டர். ஒல்லியோ ஒல்லி. வாலிபால் பக்கம் வந்ததே பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில்தான். அமெரிக்காவில் பெரிய வாலிபால் வீரர்கள் பெரும்பாலும் கலிஃபோர்னியா கடற்கரையில் சின்ன வயதிலிருந்தே ஆடி வருபவர்கள். இவரோ நாட்டின் மறுகோடி. நிக் லுசீனா என்ற நண்பரோடு சேர்ந்து ஃப்ளோரிடா மணலில் ஆடி, பிறகு தொழில்முறைப் போட்டிகளுக்கு வந்தார். உயரம் இருந்தது, கை இருந்தது. ஆட்டத்தைப் படிக்கும் கண் இன்னும் வரவில்லை.

மறுபக்கம் டாட் ராஜர்ஸ். 1973-ல் பிறந்தவர், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பக்கம். 188 சென்டிமீட்டர்தான், இந்த ஆட்டத்தில் அது சுமாரான உயரம். பட்டப்பெயர் "புரொஃபசர்". பின்னால் நின்று பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அங்கே போய் நிற்கிற ஆசாமி. திறமையில் குறைவில்லை, ஆனால் முப்பதைத் தாண்டியும் ஒலிம்பிக்ஸில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஏதென்ஸ் 2004-ம் அவர் இல்லாமலேயே நடந்து முடிந்தது. அடுத்தது பெய்ஜிங் 2008. அப்போது அவருக்கு 35 நெருங்கியிருக்கும். அதைத் தவறவிட்டால் அப்புறம் டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

அவர் செய்தது என்ன தெரியுமா? நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஷான் ஸ்காட் உடனான ஜோடியை விட்டுவிட்டு, 2006-ல் டால்ஹாசரோடு சேர்ந்தார். பங்குச் சந்தை பாஷையில் சொன்னால், லாபம் தந்துகொண்டிருந்த பங்கை விற்றுவிட்டு, யாரும் சரியாக மதிப்புப் போடாத ஒன்றில் இருப்பு முழுவதையும் கொட்டினார். டால்ஹாசர் பக்கமும் இது லேசான முடிவு இல்லை. கூடவே வளர்ந்த லுசீனாவை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. இரண்டு பேர் மட்டும் ஆடும் விளையாட்டில் ஜோடி மாறுவது என்றால், ஒரு நண்பனிடம் போய் நேருக்கு நேர் "இனி உன்னோடு இல்லை" என்று சொல்வது. பதினொரு பேர் டீமில் யாரோ தேர்வுக்குழு தூக்கிவிட்டது என்று பழிபோட முடியாது.

ராஜர்ஸ் அந்த நெட்டையருக்குக் கற்றுத் தந்ததில் பெரும்பகுதி குதிக்கிறதைப் பற்றி இருந்திருக்காது. 206 சென்டிமீட்டர் ஆளுக்கு நெட்டின் உயரமான 2.43 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. பெண்களுக்கு நெட் 2.24 மீட்டர். இரண்டிலும் பிளாக்கின் இலக்கணம் ஒன்றுதான், எங்கே பார்ப்பது, எப்போது எழும்புவது, எப்போது எழும்பாமல் இருப்பது.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். புதிதாக ஆடுபவர் பந்தையே பார்ப்பார். பந்து போகிற இடமெல்லாம் தலை போகும், கோயில் தேரைப் பார்க்கிற குழந்தை மாதிரி. பந்து அடிப்பவரின் கையை அடையும்போது இவர் கண்ணும் அங்கே போய்ச் சேரும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தேர்ந்தவரின் கண் வேறு வரிசையில் போகிறது. சர்வை எதிராளி எடுத்த விதத்தைப் பார்ப்பது முதல் வேலை. பந்து நெட்டுக்கு நெருக்கமாகப் போகிறதா, தள்ளிப் போகிறதா? அடுத்து தூக்கிக் கொடுப்பவரின் கை. பூஸ்டிங் என்பார்களே, அது. பந்து அவர் கையை விட்டதும், அது எவ்வளவு உயரம், நெட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரே பார்வையில் அளந்துவிட்டு, உடனே பந்தை விட்டுவிட வேண்டும். பந்து எங்கே வரப்போகிறது என்று தெரிந்தபின் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. கண் அடிப்பவரிடம் வர வேண்டும். அவர் எந்தக் கோணத்தில் ஓடி வருகிறார், தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முழங்கை எங்கே இருக்கிறது. பந்துக்கு அடியில் ரொம்ப ஓடி வந்துவிட்டாரென்றால் அவரால் பலமாகக் கீழ்நோக்கி அடிக்க முடியாது. முழங்கை தாழ்ந்து கை வேகம் குறைந்தால் மெல்லிய ஷாட் ஒன்று தலைக்கு மேல் வரப்போகிறது. இதையெல்லாம் சேர்த்து இரண்டு நொடி கூடக் கிடைக்காது.

இதைப் பழகுவதற்குப் பந்தைத் தடுக்கவே வேண்டாம். நெட் அருகே நின்றுகொண்டு, எதிரே இரண்டு பேர் எடுத்து, தூக்கி, அடிக்க, இவர் குதிக்காமல் பார்த்துக்கொண்டே, அடிப்பவரின் கை பந்தைத் தொடுவதற்கு முன் "லைன்", "குறுக்கு", "மெதுவு" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பாக வரும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குதித்துப் பழகும்போது கால் வலியில் இந்தத் தப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

காலைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நெட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கை தூரத்தில், முழங்கால் மடிந்த நிலையில் காத்திருப்பது, சின்னச் சின்னப் பக்கவாட்டு அடிகளாக வைத்து அடிப்பவருக்கு எதிரே வந்து நிற்பது, நின்ற பிறகு எழும்புவது. ஓடிக்கொண்டே எழும்பினால் காற்றில் பக்கவாட்டில் மிதந்துகொண்டே போவார், மறைக்க வேண்டிய இடம் திறந்துவிடும். மணலில் நேரம் வேறு மாதிரி. தரையைப் போல மணல் திருப்பித் தள்ளாது, அதனால் குதிப்பு மெதுவாகத்தான் எழும்பும். கைவீச்சும் முழங்கால் மடிப்பும்தான் உயர்த்திவிட வேண்டும். உள்ளரங்கத்தில் ஆடிவிட்டு மணலுக்கு வருபவர்களின் பிளாக் முதலில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைதான் பெரிய விஷயம். மேலே நீட்டுவது பிளாக் ஆகாது. நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நீள வேண்டும். கையை நேரே உயர்த்தி நிறுத்தினால், கைக்கும் நெட்டுக்கும் நடுவே ஒரு பொந்து உருவாகும். அடித்த பந்து கையில் பட்டு அந்தப் பொந்துக்குள் விழுந்து இவர் பக்கமே இறங்கும். பார்க்கவே பரிதாபமாக இருக்கும். பந்தைத் தொட்டும் பாயிண்ட் எதிரிக்கு. எதிராளி அடிக்கும்வரை அவர் பந்தைத் தொடக்கூடாது என்பது விதி. கையை அந்தப் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கத் தடையில்லை. இரண்டு கைக்கும் நடுவே ஒரு பந்து நுழைகிற இடைவெளி இருக்கக்கூடாது. விரல்கள் விரிந்து விறைப்பாக இருக்க வேண்டும், தளர்ந்த விரலில் பந்து பட்டால் ஒரு மாதத்துக்குப் பேனா பிடிக்க முடியாது. ஓரக்கோட்டுப் பக்கம் இருக்கிற கையின் உள்ளங்கை கொஞ்சம் கோர்ட்டின் உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் கெட்டிக்கார ஆட்டக்காரர் வேண்டுமென்றே அந்தக் கையின் விளிம்பில் அடித்து வெளியே தெறிக்க வைத்துவிடுவார். பிளாக் செய்தவரின் கையில் பட்டு வெளியே போனதால் பாயிண்ட் அவருக்கு. உயரமானவரைப் பார்த்துக் குட்டையானவர் பயப்படாமல் இருப்பதற்கு இந்த வழி ஒன்று போதும்.

கைகளை மட்டும் பழக ஒரு பழைய முறை உண்டு. நெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு உறுதியான மேஜையோ பெட்டியோ போட்டு, அதன்மேல் ஒருவர் நின்று பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். பந்து எங்கிருந்து வரும் என்ற சந்தேகம் இல்லாததால், பிளாக் செய்பவர் தன் கை போகிற வழியை மட்டும் கவனிக்கலாம். கண்ணை மூடாமல் இருக்கிறோமா என்பதையும்தான். அடி விழும் கணத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கே அது தெரியாது.

அப்புறம் கையின் பொய். அடிப்பவர் ஓடி வரும்போது ஒரு கணம் நெட்டைப் பார்ப்பார், பிளாக் எங்கே நிற்கிறது என்று. அதன்பின் அவர் பந்தைப் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அடிக்க முடியாது. அந்தக் கணத்திலிருந்து அவருக்குப் பிளாக் தெரியாது. அவருடைய ஜோடிக்காரர்தான் பின்னாலிருந்து "லைன்" என்றோ "குறுக்கே" என்றோ கத்தி, காலியாக இருக்கும் இடத்தைச் சொல்வார். ஆக ஏமாற்ற வேண்டியது இரண்டு பேரை. லைனை மறைக்கிற மாதிரி நின்று, எழும்பி, கத்தல் எல்லாம் முடிந்த பிறகு இரண்டு கையையும் குறுக்குப் பக்கம் சாய்ப்பது. டால்ஹாசர் போன்ற நீளக் கைக்காரருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கவனம், இந்தப் பொய் எதிராளிக்கு மட்டும்தான். பின்னால் நிற்கும் ஜோடிக்கு விரலால் சொன்னது இரட்டை விரல் என்றால் முடிவும் குறுக்காகத்தான் இருக்க வேண்டும்.

மணலில் பிளாக் செய்பவருக்கு எழும்பத் தெரிவதைவிட எழும்பாமல் இருக்கத் தெரிவது கஷ்டம். தூக்கிக் கொடுத்த பந்து நெட்டிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்விட்டால், அங்கிருந்து அடிப்பவர் நெட்டை ஒட்டிய கையைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். அப்போது குதிப்பது வீண் செலவு. சட்டென்று நெட்டை விட்டுப் பின்வாங்கி, தன் பக்கத்து லைனையோ ஒப்புக்கொண்ட இடத்தையோ போய்ப் பிடிக்க வேண்டும். டிராப் என்று இதைச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று அடிதான் கிடைக்கும். முதுகைக் காட்டி ஓடக்கூடாது, உடம்பு பாதி திரும்பி, கண் அடிப்பவர் மேலேயே இருக்க வேண்டும். அவர் பந்தைத் தொடுகிற நேரத்தில், எங்கே இருந்தாலும் சரி, நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே பந்தை எடுக்கப் போனால் பந்து எங்கேயோ பறக்கும். உயரமானவர்களுக்கு இது பிடிக்காத வேலை. நெட் மேல் ராஜாவாக இருந்துவிட்டுக் கீழே குனிந்து பந்து எடுப்பது கௌரவக் குறைச்சல் போல. எதிரணிகள் இதைத் தெரிந்துகொண்டு, உயரமான ஆள் இருக்கும்போது வேண்டுமென்றே பந்தைத் தள்ளித் தூக்குவார்கள். டிராப் தெரியாத நெட்டையரைவிட டிராப் தெரிந்த நடுத்தர உயரக்காரர் எவ்வளவோ தேவலை. இது கொஞ்சம் மிகையாகத் தெரியலாம், ஆனால் காற்று பலமாக அடிக்கிற ஒரு மதியம் ஆடிப் பார்த்தால் புரியும். காற்றில் பாதிப் பந்து நெட்டை விட்டு விலகித்தான் போகும்.

மணலின் விதிகளும் பிளாக்கை மாற்றுகின்றன. உள்ளரங்க வாலிபாலில் பிளாக்கில் பந்து பட்டால் அது கணக்கில் சேராது, அதன்பிறகும் மூன்று தொடுதல் உண்டு. பீச்சில் பிளாக் தொட்டதே ஒன்று. மிச்சம் இரண்டுதான். கையில் லேசாகப் பட்டு மேலே எழும்பிய பந்தை ஜோடிக்காரர் எடுத்தால், அடுத்த தொடுதலில் பந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். பிளாக் செய்தவரே அடுத்தும் தொடலாம் என்பது மட்டும் ஒரு சலுகை. ஆகவே தரையிறங்கியவுடன் "என் வேலை முடிந்தது" என்று மூச்சு வாங்க முடியாது. பந்து தன்னைத் தாண்டிப் போயிருந்தால், திரும்பி ஓடி, பின்னால் எடுக்கப்பட்ட பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டியவரும் இவரே. ஆட்டம் தோற்றுப் போவது பல சமயம் இந்தத் திரும்புதலில்தான். எதிராளி விரல்களை விரித்து நெட்டுக்கு மேலே பந்தைத் தட்டிவிடவும் பீச்சில் அனுமதி இல்லை. மடக்கிய விரல் முட்டிகளாலோ விறைத்த விரல் நுனிகளாலோதான் தட்ட வேண்டும். பிளாக் செய்பவருக்கு இது ஒரு சின்ன நிம்மதி.

சரி, ராஜர்ஸின் முதலீடு என்ன ஆனது? 2007-ல் சுவிட்சர்லாந்தின் குஸ்டாட் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை இருவரும் வென்றார்கள். அமெரிக்க ஆண்கள் ஜோடி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த வருடம் பெய்ஜிங்குக்கு உலகச் சாம்பியன்களாகப் போய் இறங்கினார்கள். முதல் ஆட்டமே லாட்வியாவின் சமோய்லோவ்ஸ், ப்லாவின்ஸ் ஜோடியோடு. தோற்றுப் போனார்கள்! பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத ஜோடி அது. 34 வயதில் முதல் ஒலிம்பிக்ஸ், முதல் ஆட்டம், தோல்வி. ராஜர்ஸின் இரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் குரூப் ஆட்டங்களில் ஒரு தோல்வி தாங்கும். தட்டுத்தடுமாறி மேலே வந்தார்கள். அரையிறுதியில் எதிரணி ஜார்ஜியா. அந்த ஜார்ஜியாக்காரர்கள் இருவரும் பிரேசிலில் பிறந்தவர்கள், ஆடிய பெயர்கள் "ஜியோர்" மற்றும் "ஜியா". சேர்த்துப் படித்தால் ஜியோர்ஜியா. (கற்பனை இல்லை, நிஜமாகவே அந்தப் பெயர்களில்தான் ஆடினார்கள்!) அவர்களைத் தாண்டி, 2008 ஆகஸ்ட் 22 அன்று இறுதி ஆட்டம். எதிரே பிரேசிலின் மார்சியோ அராவுஜோ, ஃபாபியோ லூயிஸ். 2005-ன் உலகச் சாம்பியன்கள். ஏதென்ஸ் தங்கம் வென்ற சொந்த நாட்டு ஜோடி ரிக்கார்டோ, இமானுவேலை அரையிறுதியில் வீழ்த்திவிட்டு வந்தவர்கள். ஃபாபியோ லூயிஸும் இரண்டு மீட்டரைத் தாண்டியவர். ஆக நெட்டின் இரண்டு பக்கமும் கோபுரம்.

முதல் செட் 23-21, அமெரிக்கர்களுக்கு. இரண்டாவது 21-17, பிரேசிலுக்கு. மூன்றாவது செட் 15 புள்ளிதான். இவ்வளவு சமமாகப் போன ஆட்டம் கடைசியில் இழுபறியாக முடியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். முடிந்த கணக்கு 15-4.

அந்த மூன்றாவது செட்டில் டால்ஹாசர் பந்துகளை அடுத்தடுத்துத் தடுத்துக் கீழே போட்டார். பார்த்தால் ஒரு நெட்டையர் சுவர் மாதிரி நின்றார் என்று தோன்றும். ஆனால் அதே உயரம் அவருக்கு இரண்டாவது செட்டிலும் இருந்ததே? இரண்டு செட் முழுக்க அடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, எந்த அழுத்தத்தில் யார் எங்கே அடிக்கிறார்கள் என்று கண் சேர்த்து வைத்திருக்கும். மூன்றாவது செட்டில் அதை எடுத்துச் செலவழிக்கிறார்கள். நாலைந்து பந்து தடுக்கப்பட்டதும் அடிப்பவருக்கு மனசு தடுமாறும். கையைத் தாண்டி அடிக்கப் பார்த்தால் வெளியே போகும், மெதுவாகத் தட்டப் பார்த்தால் ராஜர்ஸ் காத்துக்கொண்டிருப்பார். தடுத்த பந்துகள் டால்ஹாசர் கணக்கில். தடுக்காமலேயே கெட்டுப்போன பந்துகளை யார் கணக்கில் எழுதுவது? அந்தத் தங்கத்தில் ராஜர்ஸின் பங்கு அங்கே ஒளிந்திருக்கிறது.

லண்டன் 2012-ல் இதே ஜோடி கடைசி 16 சுற்றிலேயே இத்தாலியின் நிக்கோலாய், லூப்போவிடம் தோற்று வெளியேறியது. அதோடு பிரிந்தார்கள். ராஜர்ஸ் பின்னாளில் கல்லூரிப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். புரொஃபசர் என்ற பட்டப்பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது.

பிளாக் செய்பவர்களின் வாழ்க்கை அதன்பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது. நார்வேயின் ஆண்டர்ஸ் மோல் இதற்கு நல்ல உதாரணம். இவரும் 200 சென்டிமீட்டர். அம்மா மெரீட்டா 1996 அட்லாண்டாவில் பீச் வாலிபால் ஆடியவர், அப்பாதான் பயிற்சியாளர். கிறிஸ்டியன் சோரமோடு சேர்ந்து 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்றார். பிளாக்கும் செய்வார், இறங்கிய வேகத்தில் பின்வாங்கிப் பந்தும் எடுப்பார், நெட்டையர்களுக்கு டிராப் வராது என்ற பேச்சை அவரிடம் பேச முடியாது. ஆனால் அவருக்கே தலைவலி கொடுத்தவர்கள் பக்கத்து நாட்டு ஸ்வீடன்காரர்கள், டேவிட் ஓமனும் யோனாதன் ஹெல்விக்கும். பாரிஸ் 2024 தங்கம் அவர்களுக்கு, இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 21-10, 21-13 என்று துவைத்தெடுத்தார்கள். இருவருமே இரண்டு மீட்டரை எட்டாதவர்கள். அவர்கள் ஆயுதம் ஜம்ப் செட். இரண்டாவது தொடுதலுக்கு வருபவர் அடிக்கப் போகிறவர் மாதிரியே எழும்புவார். அடித்தாலும் அடிப்பார், கடைசிக் கணத்தில் பக்கத்தில் தள்ளிவிட்டு ஜோடிக்காரர் அடித்தாலும் அடிப்பார். பிளாக் செய்பவர் யாருக்கு எதிரே குதிப்பது? முதல் ஆளுக்குக் குதித்துவிட்டால் மணலில் இறங்கி மறுபடி எழும்ப நேரம் இல்லை. குதிக்காமல் இருந்தால் முதல் ஆளே அடித்துவிடுவார். விரல் காட்டுகிற ஒப்பந்தமே அங்கே ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் யார் அடிக்கப் போகிறார் என்பதே தெரியாதபோது லைன் எது, குறுக்கு எது?

டால்ஹாசரின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 2015-ல் அவர் மறுபடி நிக் லுசீனாவோடு சேர்ந்தார், ஒன்பது வருடம் முன்பு விட்டுவிட்டு வந்த அதே ஃப்ளோரிடா நண்பர். ரியோ 2016 காலிறுதியில் பிரேசிலின் அலிசன், புருனோ ஜோடியிடம் தோற்றார்கள். தங்கமும் அந்தப் பிரேசில் ஜோடிக்கே போனது. டோக்கியோவுக்கும் வந்தார்கள். டால்ஹாசருக்கு அப்போது 41 வயது. கடைசி 16 சுற்றில் கத்தார் ஜோடியிடம் தோற்கும்வரை, முதுகுக்குப் பின்னால் விரலை நீட்டிக்கொண்டு நெட் அருகே நின்றார். பின்னால் லுசீனா அதைப் பார்த்துவிட்டு சர்வ் போட்டார்.